பந்துக் கூண்டில் ஒரு ஹேர்பின்

முதல் மோட்டார் எரிந்தபோது சோப்பைத் திட்டினேன். இரண்டாவது எரிந்தபோது அலமாரியைத் திட்டினேன். மூன்றாவது எரிந்தபோது திட்டுவதற்கு அக்காவைத் தவிர யாரும் மிச்சமில்லை.

நான் ஒரு பெரிய தங்கும் விடுதியின் அடித்தளத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். ஒரு பக்கம் கொதிகலன் அறை, மறுபக்கம் சலவை அறை, நடுவில் என் மேசை. வெயில் என்றால் என்னவென்று சாப்பாட்டு நேரத்தில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் சொந்தப் பெயரை இங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. "மோட்டாரைக் கூப்பிடு" என்றால் நான்தான் எழுந்து போகவேண்டும். எனக்கு நேர் மேலே, மாடிகளில் விரித்திருக்கும் கம்பளங்களைக் கழுவுகிற கூட்டத்துக்கு என் அக்கா தலைவி. அவளோடு சேர்த்து நான்கு பெண்கள். அவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள், அவளைவிட வயதில் மூத்தவளும் உட்பட.

கம்பளத்திலிருந்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சுகிற வாக்குவம் கிளீனர்தான் அவளுடைய ஆயுதம். பார்க்க ஒன்றும் பெரிய விஷயமில்லை. கீழே ஒரு டேங்க், அதன் தலையில் ஒரு மோட்டார். தண்ணீர் டேங்கில் விழவேண்டும், காற்று மட்டும் மேலே போகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் எடையில்லாத ஒரு பந்து. டேங்க் நிரம்பினால் பந்து மிதந்து போய் மேல் வாயை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மோட்டாருக்குள் ஏறாது. மோட்டாருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு.

முதல் மோட்டாரைத் திறந்தபோது கருகிய வார்னிஷ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மோட்டாரின் செப்புச் சுருள் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சோப்பு காய்ந்து கிடந்தது. நுரை பொல்லாதது. பந்து தண்ணீரில்தான் மிதக்கும், நுரைக்கு அசையாது. நுரை அதன் பக்கவாட்டில் நழுவி மேலே போய்விடும். சோப்பை அள்ளிக் கொட்டுகிறீர்களா என்று நான்கு பேரையும் நிற்கவைத்துக் கத்தினேன். நுரையைக் கொல்கிற மருந்து ஒரு கேன் வாங்கிக் கொடுத்து, வேலை தொடங்குமுன் டேங்கில் அரை மூடி ஊற்றச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் இரண்டாவது போயிற்று. அதில் பேரிங் துருப்பிடித்திருந்தது. போய்ப் பார்த்தால், வேலை முடிந்ததும் ஈர டேங்கின் மேலேயே மோட்டார் இருக்கும் தலையை மாட்டி, காற்றுப் புகாத அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மோட்டார் ஆவி பிடித்தால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? பலகை அடித்துக் கொடுத்தேன், தலையைத் தனியாகக் கழற்றிக் கவிழ்த்து உலர்த்துவதற்கு. வேலை முடிந்தபின் குழாயை வெறும் காற்றில் பிடித்து ஐந்து நிமிடம் ஓட்டவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

அக்கா இரண்டையும் எழுத்துப் பிசகாமல் செய்தாள். எனக்கு எரிச்சலே அதுதான். ஒழுங்கில்லாத ஆளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

மூன்றாவது மோட்டாரைக் கவிழ்த்ததும் மேசையெல்லாம் தண்ணீர் கொட்டியது. நுரை இல்லை, ஆவி இல்லை, குடித்துவைத்த மாதிரி முழுத் தண்ணீர். பந்துக் கூண்டைப் பார்த்தேன். பந்து மேலே எழும்பாதபடி குறுக்கே ஒரு கறுப்பு ஹேர்பின் செருகியிருந்தது. ஒரு கால் வளைந்த ஹேர்பின். யார் தலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை.

கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் நானே.

பதினோரு வருடம் முன்னால் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மெஷின் மகா மட்டமானது. லேசாகச் சாய்ந்தாலே பந்து துள்ளிப் போய் வாயை அடைத்துக்கொள்ளும். நிறுத்து, திற, தட்டு, மூடு என்று அதற்கே பாதி நாள் போய்விடும். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கீழே வந்தாள். நான் பெரிய மேதாவி இல்லையா, கூண்டில் ஒரு கம்பியைச் செருகிப் பந்தை அமுக்கிவிட்டேன். "பந்த நம்பாதக்கா. காத நம்பு" என்றேன். அவள் தலையை மெஷின் பக்கத்தில் குனியவைத்து, கேட்கச் சொன்னேன். டேங்க் காலியாக இருக்கும்போது ஒரு சத்தம். தண்ணீர் ஏற ஏற அந்தச் சத்தம் தடிக்கும். விளிம்புக்கு வரும்போது தொண்டையில் சளி கட்டினாற்போல ஒரு களகளப்பு. அந்தக் களகளப்பிலிருந்து ஐந்து எண்ணுவதற்குள் நிறுத்திவிட்டால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டே நாளில் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். அடுத்த அறையில் ஓடுகிற மெஷினைக் கேட்டே "நிரம்பிடுச்சு, நிறுத்துடி" என்று குரல் கொடுப்பாள். பந்து முக்கால் டேங்கிலேயே அடைத்துக்கொள்ளும், அவள் முழு டேங்க் எடுப்பாள். மற்றக் கூட்டங்கள் ஐந்து முறை தண்ணீர் கொட்டப் போனால் அவள் கூட்டம் மூன்று முறைதான் போகும். மெஷின் மாறினாலும் அவள் பழக்கம் மாறவில்லை, கம்பி இருந்த இடத்தில் ஹேர்பின் வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு மோட்டார்கூட நனையவில்லை. நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது?

பதில் வீட்டில் இருந்தது. நான், என் மனைவி, அக்கா மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, உங்க அக்காவுக்கு நான் என்ன குறை வச்சேன்? மூணு தடவ கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இன்னிக்கு நேத்து இல்ல, ரெண்டு மாசமாவே இப்படித்தான். நான் பேசறது பிடிக்கலன்னா நேராச் சொல்லிடலாம்ல?"

நாத்தனார் சண்டைக்குள் மூக்கை நுழைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "சரி, கேக்கறேன்" என்று மழுப்பினேன். உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அதுவும் இரண்டு மாதமாகத்தான் அலறுகிறது.

சமையலறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கெட்டில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் அதற்கும் இரண்டடிதான் இருக்கும். அது கத்துகிறது, இவள் துடைக்கிறாள். மூலையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் சுரண்டினாள். கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு தற்செயலாகத் திரும்பியவள் ஆவியைப் பார்த்தாள், "அடடா" என்று போய் அணைத்தாள். நான் கதவருகில் நிற்பதை அதற்குப் பிறகுதான் கண்டாள்.

"எப்படா வந்த? பூனை மாதிரி வந்து நிக்கிற!"

நான் வந்ததும் கதவைச் சாத்தியதும் மனைவியோடு பேசியதும் ஊருக்கே கேட்டிருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஹேர்பின்னை மேசையில் வைத்தேன்.

"அக்கா, காத ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"யார் காத?"

"உன் காதத்தான்."

அவள் சிரித்தாள். "இப்ப நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலையா?"

"முகத்தப் பாத்துப் பேசறப்ப சரியாத்தான் இருக்க. மெஷினுக்கு முகம் இல்லையே. டேங்க் நிரம்பறது உனக்குத் தெரியலக்கா. அதான் மோட்டார் தண்ணி குடிக்குது."

"ஓ! உன் மோட்டார் மட்டம், அதுக்கு என் காது குத்தமா?" முகம் சிவந்துவிட்டது. "புது மோட்டாரெல்லாம் சத்தமே இல்லாம செய்யறானுங்க. ஆறு மாசமாப் பாக்கறேன், வர வர மெலிஞ்சுக்கிட்டே போகுது. சத்தம் இருந்தாத்தானே கேக்கும்?"

மெஷின் மாறினாலும் பதினோரு வருடமாக அதே கம்பெனி, அதே மோட்டார்தான் வாங்குகிறோம். புதியது என்றால் அது இன்னும் ஒரு பங்கு கூடவே கத்தும். அவள் சொன்னதில் பொய் இல்லை. உலகம் மெல்ல மெல்லச் சத்தம் குறைத்துக்கொண்டு வருகிறது என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதினோரு வருடம். தினம் ஆறு மணி நேரம். காதை நன்றாகக் குனிந்து வை என்று அவளுக்குச் சொன்னது யார்? அந்தக் காதைத் தின்ற அதே மெஷினின் வாயருகில் கொண்டுபோய் வைத்தது யார்? காதில் மாட்டுகிற அடைப்பான் ஒரு பெட்டி நிறைய என் மேசைக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது. மாட்டிக்கொண்டால் களகளப்பு கேட்காதே என்று நானே அவளுக்குத் தரவில்லை. இதையெல்லாம் சொல்லி அழவேண்டும் போல இருந்தது.

"இனிமே ஹேர்பின் வேணாம். பந்து அது வேலைய அது பாத்துக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

"பந்து வச்சா அஞ்சு தடவ கொட்டணும். முழு டேங்க இழுத்துக்கிட்டு நடக்கற எனக்குத் தெரியும் தோள்பட்ட வலி." சற்று நேரம் ஹேர்பின்னை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில், "வெளிய எங்கயும் இதப் பேசிடாதடா. செவிடுன்னு ஒருதடவ பேர் வந்துட்டா அவ்வளவுதான், மெஷினத் தொடக்கூட விடமாட்டாங்க" என்றாள்.

அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது பாதி தெரிந்திருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்லவேண்டாம் என்கிறாள்.

மறுநாள் மேலாளர் அடித்தளத்துக்கே வந்துவிட்டார். கையில் எப்போதும் ஒரு பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டிக்டிக். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசத்துல மூணு மோட்டார். என்ன காரணம், மோட்டார்?" முதலில் சொன்னது இரும்பை, இரண்டாவது சொன்னது என்னை.

"ஈரம் ஏறுது சார்."

"ஏன் ஏறுதுன்னு கேக்கறேன்."

நாக்கு நுனி வரை வந்தது. ஹேர்பின் என்றால் அவள் வேலை போகும். காது என்றாலும் போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் நான்காவது மோட்டாரோடு போகும். "பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றேன், மென்று விழுங்கி.

டிக் டிக். "சரி. புது மெஷின் ஒண்ணு வருது. வியாழக்கிழம காலைல பத்து மணிக்கு ரெண்டாம் மாடிக் கூடத்துல அவங்க என் கண் முன்னால வேலை செய்யட்டும். மெஷின்ல கோளாறுன்னா வித்தவன்கிட்ட திருப்பி அனுப்பறேன். கையில கோளாறுன்னா கைய மாத்தறேன்."

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே நான் கூடத்தில் இருந்தேன். முந்தின நாள் குளிர்சாதனக் குழாய் கசிந்து கம்பளம் மூலைக்கு மூலை ஊறிப் போயிருந்தது. மிதித்தால் சதக் என்றது. புது மெஷினின் தலையைக் கழற்றிப் பந்தை விரலால் தூக்கிப் பார்த்தேன். தடையில்லாமல் எழும்பிப் போய் வாயை அடைத்தது. இது ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். அவளுக்குக் கேட்காவிட்டாலும் பந்துக்குத் தெரியும். உறிஞ்சுவது நின்றதும் கம்பளத்தில் தண்ணீர் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியும். போய்க் கொட்டிவிட்டு வருவாள். இன்று தப்பித்துவிட்டால் நாளையைப் பற்றி நாளைக்குப் பார்க்கலாம்.

"அக்கா, தலையில இருக்கற ஹேர்பின் எல்லாத்தையும் கொடு."

"வேணும்னா தலையையே கழட்டித் தரேன், வச்சுக்க" என்றாள். ஆனாலும் கொடுத்தாள். மூன்று. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கூந்தலை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "செய்யமாட்டேன்டா. சத்தியமா" என்று அவள் சொல்லும்போது அதை மனதாரத்தான் சொன்னாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்போதுதான் சலவை அறையிலிருந்து ஆள் வந்தது. துணி சுற்றும் உருளை சிக்கிக்கொண்டு புகை வருகிறதாம். ஓடினேன். இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு போர்வையின் நாடா பெல்ட்டில் மாட்டியிருந்தது. அறுத்து எறிந்துவிட்டு மூச்சு வாங்க மாடியேறியபோது கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டிக்டிக் வாசற்படியருகில் நின்றிருந்தார், கதவோரத்து பிளக்குக்குப் பக்கத்தில். மற்ற மூன்று பெண்களும் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள். அக்கா கூடத்தின் அந்தக் கோடியில், எங்களுக்கு முதுகு காட்டி, உறிஞ்சு குழாயைத் தன் பக்கம் இழுத்து இழுத்து, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். என்ன அழகான வேலை! ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. அவள் கடந்த இடமெல்லாம் கம்பளம் நிறம் திரும்பியிருந்தது. டிக்டிக்கின் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"நல்லாத்தானே செய்யறாங்க" என்றார்.

"அவங்க மாதிரி இங்க யாருமில்ல சார்" என்றேன்.

சுவரோரம் நின்ற ஒருத்தியின் முன்முடி கண்ணில் விழுந்து விழுந்து தொல்லை கொடுத்தது. அவள் அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கூடத்தில் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு முறைகூட அக்கா கொட்டப் போகவில்லையே என்பது அதற்குப் பிறகே மண்டையில் ஏறியது. அந்த ஒருத்தியை மறுபடி பார்த்தேன். என் கண்ணைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலாளர் பார்க்கிறார். முழுக் கூடத்தையும் ஒரே டேங்கில் முடித்துக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். பதினோரு வருடம் அவளைப் பெரியக்கா ஆக்கியது அந்த வித்தைதானே.

மெஷினின் சத்தம் தடித்தது.

பிறகு அந்தக் களகளப்பு வந்தது.

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். எல்லாம் அவள் பழக்கிய காதுகள். அவள் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று. "அக்கா!" என்று கத்தினேன். இரண்டு. "அக்கா, நிறுத்து!" பேனா டிக் டிக் என்பதை நிறுத்திவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவள் முதுகைப் பார்த்தார். அவளுக்கும் எனக்கும் நடுவில் முப்பது அடி ஈரக் கம்பளம். மூன்று. ஓடி அவள் தோளைத் தொடுவதற்குள் தண்ணீர் ஏறிவிடும். பிளக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடுங்கினால் மோட்டார் பிழைக்கும். ஆனால் சத்தம் நிற்கும். நின்றது தெரியாமல் அவள் இழுப்பதை இவர் பார்த்துக்கொண்டிருப்பார். விட்டால் மோட்டார் போகும், அதோடு அவளும். எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் விழுவாள்.

இருபது வருடமாக மோட்டாரைக் காப்பாற்றிப் பழகிய கை. அதற்கு அக்கா தங்கச்சி தெரியாது. நான்கு என்று எண்ணுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

கூடம் அமைதியாயிற்று. எங்கோ குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததுகூடக் கேட்டது.

அந்த அமைதியில் அக்கா உறிஞ்சு குழாயை இழுத்தாள். நகர்த்தி வைத்து மறுபடி இழுத்தாள். தலையை லேசாக மெஷின் பக்கம் சாய்த்திருந்தாள், நான் கற்றுக்கொடுத்தபடி. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது இழுப்பு. நான்காவது. ஐந்தாவது இழுப்பில் கம்பளத்தில் தண்ணீர் அப்படியே நிற்பதைப் பார்த்துக் குனிந்தாள், பிறகு திரும்பினாள். கையில் பிளக்கோடு நான் நிற்பதைப் பார்த்தாள்.

"எதுக்குடா புடுங்கின?" என்றாள், உண்மையான ஆச்சரியத்தோடு. "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு."

டிக்டிக் என்னிடம் மோட்டாரைப் பார்க்கச் சொன்னார். போய்த் தலையைக் கழற்றினேன். டேங்க் விளிம்பு வரை தளும்பியது. கூண்டில் பந்துக்குக் குறுக்கே அந்த முன்முடிக்காரி கொடுத்த ஹேர்பின். மோட்டாரின் வாயில் விரலை விட்டுத் தடவினேன்.

"காஞ்சிருக்கு சார்" என்றேன். "ஈரம் ஏறல."

"நல்லது" என்றார். குரலில் கடுமை இல்லை. அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல், சுவரோரம் நின்ற மூத்தவளைப் பார்த்து, ஆள் செத்த வீட்டில் பேசுகிற மாதிரித் தணிந்த குரலில் சொன்னார், "இன்னிலருந்து மெஷின நீங்க எடுத்துக்குங்க. அவங்க நாளைக்கு வரவேணாம்."

மூத்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்க முயன்றாள். அது அவள் பக்கம் இல்லை. அந்தப் பெண்களைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த உறிஞ்சு குழாயிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா சொல்றாரு?"

நான் மெதுவாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் இன்னொரு முறை, கத்திச் சொல்லவேண்டியிருந்தது.